முப்புரி

இராமேஸ்வரம் தீவில் கயிறு கிடக்காத முற்றத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நங்கூரக் கயிறு, படகைக் கரையில் கட்டும் வடம், வலைக் கயிறு, கிணற்றுக் கயிறு, ஒன்றுக்கும் உதவாமல் போனபின் வேலிக்குக் கட்டிய பழங்கயிறு. தேங்காய் நார்க் கயிறு போய் நைலான் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் கயிற்றின் இலக்கணம் மாறவில்லை. இழைகளை முறுக்கினால் புரி. மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு. தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் இருந்தால் அதிகம். எந்த நாரும் கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவதில்லை. ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் மட்டுமே அவை ஒரு படகைப் புயலில் நிறுத்தி வைக்கின்றன.

நான் எழுத வந்தது மீக்கடத்திக் கம்பிகளைப் பற்றி. இருந்தும் கயிற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் ஆண்டுதோறும் மீக்கடத்தல் பற்றி ஒரு பக்கம் பாடம் சொல்கிறேன். சில பொருள்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்தால் அவற்றின் மின்தடை குறைந்துகொண்டே வந்து, ஒரு வெப்பநிலையில் திடீரென்று முற்றிலும் இல்லாமல் போகிறது என்பதோடு பாடநூல் நின்றுவிடும். அதற்கு அப்பால் படிக்கப் புகுந்தபோதுதான் ஒன்று விளங்கியது. மின்தடை இல்லாமல் போவது இயற்கை தரும் கொடை; அதற்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. இத்துறையில் இருப்பவர்கள் ஆயுளைச் செலவிடுவது வேறொரு கேள்விக்காக. இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும்? எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும், எவ்வளவு இழுவையைத் தாங்கும்? பார்வைக்கு இரண்டு கேள்விகளாகத் தெரியும் இவை, உண்மையில் ஒன்றுதான்.

*

மீக்கடத்தலின் வரலாற்றுக்குள் நம் கரையோரக் கயிறு ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. 1909ஆம் ஆண்டை ஒட்டி ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து தம் நாட்டுக்கு வந்திறங்கிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் என்னும் கனிமம் இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் 1910இல் அவர் ஓர் ஆலை வைத்தார். அன்று அந்த மணலுக்கு மதிப்பு அதிலிருந்த தோரியத்துக்காக. எரிவாயு விளக்கின் வலைத்திரியைப் பிரகாசிக்க வைக்கத் தோரியம் தேவைப்பட்டது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்களே ஹீலியமாக மாறி, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த மணலுக்குள் அடைந்து கிடக்கின்றன.

ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் 1908இல் ஹீலியத்தை முதன்முறையாகத் திரவமாக்கியபோது, அதற்கு வேண்டிய வாயுவை மோனசைட் மணலைச் சுட்டுத்தான் எடுத்தார். அவருக்குக் கிடைத்த மணல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவிலிருந்து போனது. மணல் வேறு கரையுடையது, சரக்கு ஒன்றுதான்.

1911இல் அந்தத் திரவ ஹீலியத்தில் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில் மின்தடை காணாமல் போனது. பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். ஆன்னஸ் உடனே ஒரு கனவு கண்டார். தடையற்ற கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்னோட்டம் செலுத்தினால் வெப்பமே எழாது. எவ்வளவு வலுவான காந்தத்தையும் செய்துவிடலாம். 1913இல் சிகாகோவில் நடந்த குளிர்பதன மாநாட்டில் ஒரு லட்சம் காஸ் வலுவுள்ள காந்தத்தைப் பற்றிப் பேசினார். ஈயக் கம்பியில் சுருளும் செய்தார். நம் ஆட்கள் வலையின் அடியில் குண்டாகக் கோக்கும் அதே ஈயம்.

கனவு பலிக்கவில்லை. மின்னோட்டம் ஒரு வரம்பைக் கடந்ததும் ஈயம் மீக்கடத்தும் தன்மையை இழந்தது. சில நூறு காஸ் காந்தப்புலமே அதை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது. அந்தக் காந்தப்புலத்தை எழுப்பியதும் அந்தக் கம்பியில் ஓடிய மின்னோட்டம்தான். தான் சுமந்ததே தன்னைச் சாய்த்தது. அடுத்த அரை நூற்றாண்டு, ஆய்வகங்களில் ஓர் அதிசயமாக மட்டுமே மீக்கடத்தல் இருந்துவந்தது.

அந்த அதிசயத்தை நம் நாட்டில் ஆராய வழி செய்தவர்களில் முக்கியமானவர் கே. எஸ். கிருஷ்ணன். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த வத்திராயிருப்பில் பிறந்தவர். தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவர். அறிவியலைத் தமிழிலும் எழுதியவர். அவர் இயக்குநராக இருந்த தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1952இல் ஹீலியத்தைத் திரவமாக்கும் கருவி நிறுவப்பட்டது. அவர் மறைந்த 1961ஆம் ஆண்டில்தான் ஆன்னஸின் கனவுக்கு மறுபடி உயிர் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்மத்தைச் சோதித்தார்கள். 8.8 டெஸ்லா, அதாவது 88,000 காஸ் காந்தப்புலத்திலும் அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தைத் தடையின்றிச் சுமந்தது.

*

ஈயத்தால் முடியாதது இதனால் எப்படி முடிந்தது? இந்த இடம்தான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது.

ஈயம் போன்ற தூய உலோகம் காந்தப்புலத்தைத் தனக்குள் விடுவதில்லை. புலம் வலுத்து உள்ளே நுழைந்தால் அத்தோடு மீக்கடத்தலும் போயிற்று. வேறு சில பொருள்கள் காந்தப்புலத்தை மெல்லிய இழைகளாகத் தமக்குள் அனுமதிக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு சிறு மின்சுழல். சுழலின் நடுவே மீக்கடத்தல் இல்லை, சுற்றிலும் இருக்கிறது. இதைக் கணக்கிட்டு 1957இல் எழுதியவர் ருஷ்ய அறிஞர் அப்ரிகோசோவ். 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கம்பியில் மின்னோட்டம் செலுத்தும்போது அந்தச் சுழல்களின் மேல் ஒரு விசை ஏற்பட்டு, அவற்றை நகர்த்தப் பார்க்கிறது. சுழல்கள் நகர்ந்தால் ஆற்றல் வீணாகும், தடை தலைகாட்டும், கம்பி சூடேறும். எனவே அவற்றை நகரவிடாமல் கட்டிப்போட வேண்டும். எதைக்கொண்டு கட்டுவது? பழுதுகளைக்கொண்டு. உலோகத்தின் ஒழுங்கான அடுக்கில் எங்கே ஒரு குலைவு இருக்கிறதோ, எங்கே வேறு பொருளின் துணுக்கு கலந்திருக்கிறதோ, அங்கே சுழல் சிக்கிக்கொள்கிறது. பழுதே இல்லாத முழுமையான படிகம் இந்த வேலைக்கு ஆகாது. அது ஏறத்தாழ ஒன்றையுமே சுமக்காது.

இன்று மிகுதியாகப் பயன்படும் மீக்கடத்திக் கம்பி நியோபியம்-டைட்டானியம் கலவையால் ஆனது. அதைச் செய்பவர்கள் கம்பியை இழுத்து மெலியவைத்து, நானூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, திரும்ப இழுத்து, திரும்பச் சுடுகிறார்கள். அப்போது டைட்டானியம் சில நானோமீட்டர் தடிமனுள்ள நாடாக்களாக உள்ளே பிரிந்து படிகிறது. சுழல்களைக் கட்டிப்போடுபவை இந்த நாடாக்களே. கவனமாக, அளவறிந்து, பழுதை விதைக்கும் வேலை இது. இழுக்க இழுக்கக் கம்பி உறுதியும் பெறுகிறது. வலிமையும் மின்னோட்டத் திறனும் ஒரே உலையில் ஒரே கையால் கிடைப்பது இந்தக் கலவையில் மட்டுமே வாய்த்த நற்பேறு.

*

சரி, கம்பிக்கு வலிமை எதற்கு? அது என்ன படகையா கட்டி இழுக்கப் போகிறது?

இழுக்கத்தான் போகிறது. காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் சென்றால் அந்தக் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் பெரும் துகள்மோதியில் இருக்கும் முதன்மைக் காந்தங்கள் 1,232. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினைந்து மீட்டர் நீளம். அவற்றின் வடத்தில் 11,850 ஆம்பியர் ஓடுமாறும், புலம் 8.33 டெஸ்லா இருக்குமாறும் வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீள வடத்தின் மேல் ஏறத்தாழ பத்து டன் விசை. விரலகலமே உள்ள ஒரு வடத்தின் மீது இரண்டு மூன்று கோயில் யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம் இது. வெளியிலிருந்து யாரும் இழுக்கவில்லை. கம்பியின் மேல் விழும் பாரம் அது சுமக்கும் மின்னோட்டத்திலிருந்தே பிறக்கிறது. கூடுதலாகச் சுமக்க வேண்டுமானால், கூடுதலான இழுவைக்கும் ஆயத்தமாக வேண்டும். இரண்டு கேள்வியும் ஒன்றே என்று முன்பு சொன்னது இதனால்தான்.

அந்த வடத்தின் உள்ளமைப்பைப் படித்தபோது ஊர்க்கயிறு நினைவுக்கு வந்தது. தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள நியோபியம்-டைட்டானிய இழைகள் ஆயிரக்கணக்கில் செம்புக்குள் பதிந்து, முறுக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புரியாகின்றன. அத்தகைய புரிகள் இருபத்தெட்டோ முப்பத்தாறோ சேர்ந்து, மறுபடி முறுக்கித் தட்டையாக அழுத்தப்பட்டால் வடம். பிரிட்டனின் ரூதர்ஃபோர்ட் ஆய்வகத்தில் உருவானதால் அதற்கு ரூதர்ஃபோர்ட் வடம் என்று பெயர். செம்பு அங்கே இருப்பதற்கும் காரணம் உண்டு. நல்ல நாளில் செம்புக்கு அங்கே வேலை இல்லை. மின்னோட்டம் முழுவதும் மீக்கடத்தி இழைகள் வழியே போகும். ஏதோ ஓரிடத்தில் சூடேறி இழை தன் தன்மையை இழந்துவிட்டால், அந்தக் கணத்தில் மின்னோட்டத்தைச் செம்பு ஏற்றுக்கொள்கிறது. இல்லையென்றால் அந்த இடத்தில் கம்பி உருகிவிடும்.

*

இவையெல்லாம் ஜெனீவாவுக்கும் சிகாகோவுக்கும் உரிய சங்கதிகள் என்று நினைக்க வேண்டாம். மீக்கடத்திக் கம்பி இராமநாதபுரத்துக்கே வந்து பல காலம் ஆகிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் பெட்டிக்குள் இருப்பது இதே நியோபியம்-டைட்டானியக் கம்பிதான். கிலோமீட்டர் கணக்கில் சுற்றி, திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் இணைத்துவிடுகிறார்கள். பிறகு இணைப்பைத் துண்டித்தாலும் மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

என் தாய்மாமா ஒருவருக்குச் சென்ற ஆண்டு அதற்குள் படுக்க நேர்ந்தது. பாம்பன் பக்கத்துக்காரர். சிறுவயதில் கரைவலை இழுக்கத் தொடங்கியவர். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இடுப்பை வளைத்து, கடலுக்குள் அரைவட்டமாகக் கிடக்கும் வலையை மணிக்கணக்கில் இழுத்துவரும் வேலை. பிறகு விசைப்படகு. அறுபத்தெட்டு வயதில் இடுப்பு வலி காலுக்கு இறங்கி, வலது பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. இராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று வெள்ளி அரைஞாணைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது அவர் முகம் சுருங்கியது. திருமணத்துக்குப் பிறகு அதைக் கழற்றியதே இல்லையாம்.

அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூடிய கதவுக்கு வெளியிலும் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் முதலில் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"உள்ள என்னத்தையோ கட்டிவச்சு இழுக்கிறாய்ங்க மாப்ள. தெறிச்சுக்கிட்டு வரப் பாக்குது. ஆனா கட்டு விடல."

நான் நின்றுவிட்டேன். அவர் சொன்னது துல்லியமான இயற்பியல். அந்தப் பெட்டிக்குள் பெரிய மீக்கடத்திச் சுருளைத் தவிர, சாதாரணச் செம்புச் சுருள்கள் சிலவும் உண்டு. படம் எடுக்கும்போது அவற்றில் மின்னோட்டத்தை நொடிக்குப் பல முறை மாற்றுகிறார்கள். பெரிய காந்தத்தின் புலத்தில் இருப்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவை உதைபடுகின்றன. இறுகக் கட்டியிருப்பதால் நகர முடியாமல் அதிர்கின்றன. அந்த அதிர்ச்சிதான் சத்தம். ஜெனீவாவில் பத்து டன்னாக இருக்கும் அதே விசையைத் தம் காதால் கேட்டு, கயிறு இழுத்த அனுபவத்தால் அவர் அடையாளம் கண்டிருந்தார்.

"ஆமா மாமா, கம்பியத்தான் கட்டிவச்சிருக்காங்க. நீங்க சொன்னது சரி" என்றேன்.

"கட்டுனவன் கெட்டிக்காரன்" என்றார்.

இரண்டு இடங்களில் முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக அறிக்கை வந்தது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், ஆனால் இனி எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாது என்றார் மருத்துவர். பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், பாம்பன் பாலம் நெருங்கியபோது, "இழுக்காதேன்னா அப்ப நான் எதுக்கு மாப்ள?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது அவர் உட்கார்ந்து வலை பொத்துகிறார். அதிலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும் என்பது கட்டளை.

அவருக்குப் பொழுது போகட்டும் என்று இந்தக் கம்பிகளைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொல்வது வழக்கமாயிற்று. புதிதாகச் செய்த மீக்கடத்திக் காந்தம் முதல் முறையே முழு மின்னோட்டத்தைத் தாங்காது என்று ஒருநாள் சொன்னேன். விசை ஏறும்போது சுருள் எங்கோ ஒரு மயிரிழை அசையும். அத்தனை குளிரில் அந்தச் சிறு உராய்வின் வெப்பமே போதும், மீக்கடத்தல் போய்விடும். மீண்டும் குளிர்வித்து மின்னோட்டத்தை ஏற்றினால் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அடுத்த முறை இன்னும் சற்று. காந்தத்துக்குப் பயிற்சி கொடுப்பது என்றே இதைக் குறிப்பிடுகிறார்கள்.

மாமாவுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. "புதுக் கயித்த நம்பி எவன் நங்கூரம் போடுவான்? நனைச்சு, இழுத்து, அது படிஞ்ச பெறகுதான்" என்றார்.

முடிச்சைப் பற்றியும் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கயிறு அறுவதெல்லாம் முடிச்சுக்கு அருகில்தான். செர்னில் 2008 செப்டம்பர் 19 அன்று நேர்ந்த விபத்தும் அப்படிப்பட்டதே. இரண்டு காந்தங்களுக்கு இடையே வடத்தை இணைத்த ஓரிடத்தில் ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு ஓம் அளவுக்குத் தடை இருந்திருக்கிறது. அது சூடேறி, மின்பொறி எழுந்து, பல டன் ஹீலியம் பீறிட்டு வெளியேறி, காந்தங்களையே இருக்கையிலிருந்து பெயர்த்துவிட்டது. 53 காந்தங்களை மேலே கொண்டுவந்து, பழுதுபார்த்தோ மாற்றியோ 2009 நவம்பரில்தான் மறுபடி ஓட்ட முடிந்தது. அந்த எந்திரத்தில் நம் பங்கும் இருக்கிறது. முதன்மைக் காந்தங்களின் புலத்தில் வரும் சிறு பிசகுகளைத் திருத்தும் மீக்கடத்திக் காந்தங்களில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவை, இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் இந்தியாவிலிருந்து போனவை.

*

குன்ஸ்லர் சோதித்த நியோபியம்-வெள்ளீயம், நியோபியம்-டைட்டானியத்தைவிட வலுவான புலத்தில் வேலை செய்யும். ஆனால் அது ஓடு போன்றது. வளைத்தால் விரியும். எனவே கம்பியாக இருக்கும்போது இரண்டு உலோகங்களையும் சேரவிடாமல் வைத்திருந்து, சுருளாகச் சுற்றிய பிறகு 650 டிகிரியில் நாள்கணக்காகச் சுட்டு, அங்கேயே சேர்மமாக்குகிறார்கள். பானையை வனைந்துவிட்டுச் சுடுவதைப்போல. அதன் பிறகும் நிம்மதி இல்லை. நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம், அதிலும் சிறு பின்னம் நீண்டாலே அது சுமக்கும் மின்னோட்டம் குறையத் தொடங்குகிறது. முற்றிலும் அறுவதற்கு வெகுமுன்பே கம்பி தன் திறனை இழந்துகொண்டிருக்கும்.

இந்தியாவும் பங்கேற்று, பிரான்சில் எழும்பிவரும் இட்டெர் அணுக்கரு இணைவு உலைக்கு இந்தக் கம்பி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தேவைப்பட்டது. அங்கே ஒரு வடம் 68,000 ஆம்பியர் சுமக்க வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலையின் நடுச்சுருளுக்கான வடங்களைச் சுவிட்சர்லாந்தின் சுல்தான் சோதனைக்கூடத்தில் ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வடத்தின் திறன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. வடத்துக்குள் இழைப்புரிகளுக்கு இடையே இடம் இருந்ததால், விசை வரும்போதெல்லாம் அவை வளைந்து நொந்தன. உலோகத்தை மாற்றவில்லை, முறுக்கை மாற்றினார்கள். புரிகளை இன்னும் நெருக்கமாக முறுக்கியபோது ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அவை நின்றன. தேய்மானம் நின்றது. பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து கண்ட விடையை மாமாவிடம் சொன்னபோது, "முறுக்கு கொறஞ்சாலும் அறும், கூடுனாலும் அறும். அதக் கைதான் சொல்லணும்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

*

மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. பாக் நீரிணையைக் கடந்து இலங்கையோடு மின்வலையை இணைக்க 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இழப்பே இல்லாத மீக்கடத்திக் கம்பியில் இந்த மின்சாரத்தை அனுப்பினால் என்ன? திரவ நைட்ரஜனின் குளிரிலேயே மீக்கடத்தும் பீங்கான் வகைகள் 1987 முதல் உண்டு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014இல் அத்தகைய வடத்தை ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பதித்து, சில ஆண்டுகள் நகர மின்வலையில் ஓட்டியும் காட்டினார்கள். ஆனால் பீங்கானைக் கம்பியாக்குவது எளிதன்று. உலோகப் பட்டையின் மேல் மெல்லிய படலமாகவோ வெள்ளிக்குள் திணித்தோதான் அதற்கு உடம்பு கொடுக்க வேண்டியிருக்கிறது. வழிநெடுகக் குளிர்விக்கவும் வேண்டும். மின்தடை இல்லை என்பது பாதி விடை. மீதிப் பாதி, அந்தக் கம்பி வளையுமா, நீளுமா, இழுவைக்கு நிற்குமா என்பதில் இருக்கிறது.

ஒரு மீக்கடத்திக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று எப்படி அளக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பியில் ஒரு துண்டை வெட்டி, குளிர்வித்து, காந்தப்புலத்தில் வைத்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். வெகுநேரம் மின்னழுத்தம் எதுவும் தெரியாது. பிறகு ஒரு கட்டத்தில் மிக மெல்லிய ஓர் எழுச்சி தோன்றும். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மைக்ரோவோல்ட், வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வந்துவிட்டால் அதுதான் எல்லை என்று வழக்கமாகக் கொள்கிறார்கள். எல்லை என்பது சுவர்போல ஓரிடத்தில் நிற்பதில்லை. பேசி வைத்துக்கொண்ட ஓர் அடையாளம் அது. கம்பி அந்த இடத்தில் அறுவதில்லை, உருகுவதில்லை. உள்ளே கட்டுண்டிருந்த சுழல்களில் சில பிடி நழுவத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கம்பிக்கு அந்த ஒரு மைக்ரோவோல்ட்டைக் கேட்கக் கருவி இருக்கிறது. அது கேட்டதும் மின்னோட்டத்தை இறக்கிவிட ஆளும் இருக்கிறார். கரைவலை இழுத்த முதுகுகளுக்கு அப்படி யாரும் அளவு பார்த்ததில்லை. பாதம் மரத்த பிறகுதான் தெரிகிறது.